340 குதிரைத்திறன் வண்டி, கிருஷ்ணகிரி – தர்மபுரி சாலை: 80, 100, 120-ல் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு 9.40

போன தை மாதம் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ இசட்4 எம்40ஐ வாங்கினேன். இரண்டே இருக்கை, துணிக்கூரை, 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், 340 குதிரைத்திறன். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்ட வண்டி.

வாங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். அப்பா "எண்பதைத் தாண்டாதே, தாண்டினால் பெட்ரோலைக் குடித்துவிடும்" என்கிறார். கூடப் படித்த நண்பன் "இது வேகத்துக்கென்றே செய்த வண்டி, 120-ல் போனால்தான் இன்ஜின் சுகமாக ஓடும், மைலேஜும் அங்கேதான்" என்கிறான். இரண்டு பேரும் அளந்து பார்க்கவில்லை. நான் அளந்தேன்.

ஊருக்குத் தெற்கே ஒரே பங்க், ஒரே குழாய். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் ஒரு சொட்டு விடச் சொல்லமாட்டேன். அங்கிருந்து காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியாகத் தர்மபுரி போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, மொத்தம் 180 கிலோமீட்டர். மூன்று ஞாயிறு, மூன்றும் அதிகாலை ஐந்து மணிக்கு. கூரை மூடி, ஏ.சி. போட்டு, நான் மட்டும். வேகம் ஜி.பி.எஸ். பார்த்து வைத்தது, மீட்டரைப் பார்த்து அல்ல. மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

80-ல்: 11.2 லிட்டர், 2 மணி 18 நிமிடம். லிட்டருக்கு 16.
100-ல்: 12.7 லிட்டர், 1 மணி 55 நிமிடம். லிட்டருக்கு 14.2.
120-ல்: 17.8 லிட்டர், 1 மணி 46 நிமிடம். லிட்டருக்கு 10.1.

80-லிருந்து 100-க்குப் போனபோது ஒன்றரை லிட்டர்தான் கூடியது. அடுத்த 20-க்கு ஐந்து லிட்டருக்கு மேல். இது ஏன் இப்படி எகிறுகிறது? காற்றின் தடை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அதுவே இவ்வளவு ஏறுமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ஷிப்ட்
ஞாயிறு இரவு 10.05

மூன்றே ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது அண்ணா. பங்க்கில் அரை லிட்டர் முன்னே பின்னே நிற்பது சாதாரணம்.

மாந்தோப்பு
ஞாயிறு இரவு 10.12

அதற்காகத்தான் 180 கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு தடவை மட்டும் போய் வந்தால் 90 கிலோமீட்டர், ஆறு லிட்டர்தான் ஆகும், அதில் அரை லிட்டர் பிசகினால் எட்டு சதவீதம் போய்விடும். 12.7 லிட்டரில் அரை லிட்டர் என்றால் நாலு சதவீதம். 80-க்கும் 100-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை வேண்டுமானால் சந்தேகப்படலாம் தம்பி. 120-ல் வந்த ஐந்து லிட்டரை அப்படித் தள்ள முடியாது.

தகடூர் கணக்கு, தர்மபுரி
ஞாயிறு இரவு 11.30

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். போய்த் திரும்பியதால் மேடு பள்ளமும் எதிர்க்காற்றும் பெரும்பாலும் கழிந்துவிடும். இரண்டு ஊருக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசமும் கிடையாது. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

உங்கள் வண்டி ஆளோடு 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அகலமான டயர், அதனால் உருளும் தடை, அதாவது டயர் உருளும்போது வரும் தடை, ஏறத்தாழ 200 நியூட்டன் (விசையின் அலகு). இது வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நம் பக்கம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், காலை வெயிலுக்குக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.1 கிலோ வரும், சென்னையை விடக் கொஞ்சம் மெல்லிசு. இந்த வண்டியின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் வைத்துப் பார்த்தால் 80-ல் 185 நியூட்டன், 100-ல் 290, 120-ல் 415.

இரண்டையும் கூட்டினால் 385, 490, 615. வண்டியை ஒரு கிலோமீட்டர் நகர்த்த வேண்டிய உழைப்பு 80-ஐ விட 120-ல் அறுபது சதவீதம் அதிகம். 80 வரை டயர்தான் முக்கால்வாசி பெட்ரோலைத் தின்னும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வண்டியில் 80-லேயே காற்று டயருக்குச் சமமாக வந்துவிட்டது.

இப்போது இதைத் திறனாக மாற்றிப் பாருங்கள். 80-ல் சக்கரத்துக்கு வேண்டியது 12 குதிரைத்திறன்கூட இல்லை. 100-ல் 18. 120-ல் 27, 28. உங்களிடம் இருப்பதோ 340. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அந்த இன்ஜினின் பத்தில் ஒரு பங்குகூட வேலை செய்வதில்லை. கல்யாண வீட்டு அடுப்பை மூட்டி ஒரு டம்ளர் காப்பி போடுவது போலத்தான். அடுப்பு சூடாகவே பாதி விறகு போய்விடும். ஆறு பிஸ்டனும் உராய வேண்டும், பம்புகள் சுற்ற வேண்டும். இந்தச் செலவு சும்மா ஓடினாலும் உண்டு.

அதனால்தான் உங்கள் நண்பர் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. வேகம் கூடக் கூட இன்ஜின் தன் அளவுக்கு ஏற்ற வேலைக்குப் பக்கத்தில் வருகிறது, குடிக்கும் பெட்ரோலில் சக்கரத்துக்குச் சேரும் பங்கு கூடுகிறது. உழைப்பு அறுபது சதவீதம் ஏறினாலும் பெட்ரோல் அந்த அளவுக்கு ஏறாது. 80-ல் 16 கொடுக்கும் வண்டி 100-ல் 14 கொடுக்கும், 120-ல் 11.5 அல்லது 12 கொடுக்க வேண்டும். முதல் இரண்டும் உங்கள் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. மூன்றாவது பொருந்தவில்லை. 180 கிலோமீட்டருக்கு 15.3 லிட்டர் போதும், நீங்கள் போட்டது 17.8.

அந்த இரண்டரை லிட்டர் காற்றுக்குப் போகவில்லை. உண்மையில் 120-லேயே தொடர்ந்து போனீர்களா?

ஸ்விஃப்ட் 2014, பாலக்கோடு
திங்கள் காலை 7.15

இதனால்தானா! என் 1.2 ஸ்விஃப்டில் 80-ல் 22 கிடைக்கும், 110 போனால் 16-க்கு வந்துவிடும். சின்ன இன்ஜினுக்கு வேகம் இவ்வளவு வலிக்கிறதே, பெரிய வண்டிக்காரர்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகடூர் கணக்கு
திங்கள் காலை 7.50

ஆமாம். உங்கள் இன்ஜின் 80-லேயே ஓரளவு உருப்படியான வேலை செய்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் அது திறமையாக ஓட அதிக இடம் இல்லை. போதாததற்கு ஐந்தாவது கியரில் 110-ல் சுற்றும் வேகமும் அதிகம். இசட்4-ல் எட்டாவது கியரில் 100 போனால் 1,600 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பெரிய வண்டி 80-லேயே நிறைய வீணாக்குகிறது, அதனால்தான் மேலே போகும்போது விழுவது குறைவாகத் தெரிகிறது. சிக்கனமாக ஓடுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

மாந்தோப்பு
திங்கள் மதியம் 1.20

கணக்கு சார், பிடித்துவிட்டீர்கள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 80-லும் 100-லும் வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டால் பல கிலோமீட்டர் அப்படியே போகும். 120-ல் இரண்டு மூன்று நிமிடம் சேர்ந்தாற்போல் போவதே பாடு. முன்னால் ஒரு லாரியை இன்னொரு லாரி 65-ல் தாண்டிக்கொண்டிருக்கும், வலது தடத்தை விடாது. அப்புறம் மீடியன் இடைவெளியில் திரும்பக் காத்திருக்கும் டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக். பிரேக், மறுபடி மிதி. நேற்று இரவு டேஷ் கேமரா பதிவைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். 80-க்கோ அதற்குக் கீழேயோ வேகத்தைக் குறைத்தது 46 முறை.

தகடூர் கணக்கு
திங்கள் மதியம் 2.05

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது.

1,700 கிலோ வண்டியை 80-லிருந்து 120-க்குத் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 520 கிலோஜூல். மிதிக்கும்போது இன்ஜின் நன்றாகவே வேலை செய்கிறது, பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்தாலும் ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லி வேண்டும். பிரேக் பிடித்ததும் அந்த 50 மில்லி டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். 46 முறைக்கு 2.3 லிட்டர். உங்கள் மீதி இரண்டரை லிட்டர் அநேகமாக அதுதான்.

100-லிருந்து 80-க்குக் குறைத்து மறுபடி 100-க்கு வந்தால் இதில் பாதிகூடச் செலவாகாது. தவிர, 100-ல் போகும்போது முன்னால் நிற்பது தூரத்திலேயே தெரியும், காலை எடுத்தாலே போதும், பிரேக் வரை போக வேண்டியிருக்காது.

நேரத்தையும் பாருங்கள். 120-லேயே போயிருந்தால் 180 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி. உங்களுக்கு ஆனது 1 மணி 46 நிமிடம், சராசரி 102. 100-ல் போனபோது சராசரி 94. ஒன்பது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். இன்றைக்கு லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல்.

காரிமங்கலத்துக்காரன்
திங்கள் மாலை 6.30

கணக்கெல்லாம் சரி அண்ணா. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தச் சாலையில் 120 அனுமதிக்கப்பட்ட வேகம் கிடையாது. நீங்கள் எண்ணிய 46-ல் சில எங்கள் ஊர்க்காரர்கள். காலை ஐந்தரைக்குப் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போக சாலையைக் கடந்துதான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. என் சித்தப்பா தினமும் கடக்கிறார். இருட்டில் ஹெட்லைட் மட்டும்தான் தெரியும். வருகிற வண்டி 80-ல் வருகிறதா 120-ல் வருகிறதா என்று நின்று பார்ப்பவருக்குப் புரியாது. பழகிய வேகத்தை வைத்துத்தான் கால் எடுத்து வைப்பார். தயவுசெய்து இந்தச் சோதனையை மறுபடி செய்யாதீர்கள்.

மாந்தோப்பு
திங்கள் மாலை 6.55

செய்யமாட்டேன். நீங்கள் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை, அதிகாலை என்றால் சாலை காலி என்று மட்டும்தான் நினைத்தேன். சித்தப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த 120 எண்ணை ஒருமுறை எடுத்தது போதும்.

ஓய்வு லாரிக்காரர், தொப்பூர்
திங்கள் இரவு 8.40

தம்பிமார்களே, முப்பது வருஷம் ஓட்டியவன். டீசல் மிச்சம் பிடிப்பது எங்களுக்குப் பிழைப்பு, அதனால் படித்தேன். நாங்கள் ஒரே வேகத்தில் போவோம், பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். நிறைபாரத்தோடு ஒருமுறை வேகத்தை விட்டால் திரும்ப எடுக்க எவ்வளவு டீசல் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் 50 மில்லி எங்களுக்குப் பல மடங்கு.

இன்னொன்று. டீசல் மிச்சம் என்று தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருந்தது. அதில் போன உயிர்களை நான் கண்ணால் பார்த்தவன். கார்க்காரர்களும் இப்போது அதைச் செய்வதாகக் கேள்விப்படுகிறேன். இது தேவையா? புது வண்டியில் உண்மையில் மிச்சமாகிறதா?

பாலக்கோடு மெக்கானிக்
திங்கள் இரவு 9.30

ஆகாது ஐயா, நேர்மாறு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். செலவு சுழியம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இறக்கத்தில் கியரில் இருந்தால் இன்ஜினே பாதி பிரேக். நியூட்ரலில் முழு பாரமும் பிரேக் மேல், சூடேறினால் பிடிக்காது.

புது ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எக்கோ மோடில் தானாகவே கியரைப் பிரித்து மிதக்க விடும் ஏற்பாடு உண்டு. அது சமதளத்துக்கும் லேசான சரிவுக்கும் செய்தது. பிரேக்கைத் தொட்டதும் மறுபடி கோத்துக்கொள்ளும். கையால் நியூட்ரலில் போடுவதும் அதுவும் ஒன்றல்ல.

மாந்தோப்பு அண்ணா, டயரில் எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள்? எப்போது பிடித்தீர்கள்?

மாந்தோப்பு
திங்கள் இரவு 9.48

பங்க்கில்தான், ஓட்டம் தொடங்கும் முன். வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் வந்த பிறகு.

பாலக்கோடு மெக்கானிக்
திங்கள் இரவு 10.02

அப்படியானால் டயர் சூடு. சூட்டில் அளவு சரியாகக் காட்டும், ஆறியதும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைவாக இருக்கும். பின்னால் 275 மில்லிமீட்டர் அகல டயர், காற்று குறைந்தால் உருளும் தடை உடனே ஏறும். மூன்று நாளும் அதே தவறு என்பதால் ஒப்பீடு கெடவில்லை, ஆனால் மூன்று எண்ணுமே கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் வீட்டிலேயே சின்ன பம்பில் பிடியுங்கள்.

ஓசூர் ஷிப்ட்
திங்கள் இரவு 11.15

சரி, ஒப்புக்கொள்கிறேன், கணக்கு நிற்கிறது. ஆனால் என் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறதே. வாரா வாரம் ஊருக்கு வருவேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 100-ல் வந்தால் நல்ல மைலேஜ், அதே 100-ல் திரும்பினால் மோசம். வேகம் ஒன்றுதான்.

தகடூர் கணக்கு
செவ்வாய் காலை 6.40

மேடு தம்பி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது, கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500. ஐம்பது கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏறுகிறோம். சூளகிரி பக்கம் தவிரக் கண்ணுக்கு மேடாகவே தெரியாது. இசட்4-க்கு அது 130 நியூட்டன் கூடுதல் இழுவை. 100-ல் போகும் வண்டிக்கு 120-ல் போவது போல, கொஞ்சம் அதற்கும் மேலேயே. ஏறும்போது அரை லிட்டருக்கு மேல் கூடும், இறங்கும்போது ஏறத்தாழ அவ்வளவும் திரும்பக் கிடைக்கும், நடுவில் பிரேக் பிடிக்காமல் இருந்தால். ஒரு பக்க ஓட்டத்தை வைத்து மைலேஜ் சொல்கிறவர்களை இதனால்தான் நான் நம்புவதில்லை.

ஸ்விஃப்ட் 2014
செவ்வாய் காலை 8.10

ஏ.சி.? கூரை திறந்தால்? போன வருஷத்தை விட எல்லோருக்குமே மைலேஜ் குறைந்திருக்கிறதே, அது?

தகடூர் கணக்கு
செவ்வாய் காலை 8.35

ஏ.சி. ஒன்றிலிருந்து இரண்டு கிலோவாட் எடுக்கும். மணிக்கு இவ்வளவு என்று எடுப்பதால் மெதுவாகப் போகிறவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பாரம் அதிகம். 80-ல் சக்கரத்துக்கு வேண்டியதே எட்டரை கிலோவாட்தான் என்னும்போது அது சின்ன விஷயம் இல்லை. 60, 70-க்குக் கீழே போய் இன்னும் மிச்சம் பிடிக்க நினைத்தால் ஏ.சி.யும் இன்ஜின் உராய்வும் அதைத் தின்றுவிடும். கூரை திறந்தால் காற்றுத் தடை நிச்சயம் கூடும், நெடுஞ்சாலையில் மூடிவிடுங்கள்.

எரிபொருள்: இப்போது வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் அது ஆறேழு சதவீதமாக வரும். பழைய வருஷத்து எண்ணோடு இப்போதைய எண்ணை ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பாருங்கள்.

ஓய்வு லாரிக்காரர்
செவ்வாய் மதியம் 12.20

அமெரிக்காவில்கூட எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்க வேகத்தைக் குறைத்தார்கள் என்று அப்போது எங்கள் முதலாளி சொல்லுவார். உண்மைதானா?

தகடூர் கணக்கு
செவ்வாய் மதியம் 12.50

உண்மை ஐயா. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், 1974-ல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று சட்டம் போட்டார்கள். நம் கணக்கில் 88 கிலோமீட்டர். 1995 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

மாந்தோப்பு
ஞாயிறு காலை 9.30

இன்று நாலாவது ஓட்டம். 90-ல். அதே பங்க், அதே குழாய், 180 கிலோமீட்டர். 11.9 லிட்டர், 2 மணி 5 நிமிடம். லிட்டருக்கு 15.1. பிரேக்கைத் தொட்டது பதினொரு முறை, பெரும்பாலும் திரும்பும் இடங்களில். லாரிகளுக்குப் பின்னால் வரும்போது தூரத்திலேயே காலை எடுத்துவிட்டேன், அவர்கள் தாண்டி முடிப்பதற்கும் நான் போய்ச் சேருவதற்கும் சரியாக இருந்தது.

அப்பாவையும் கூட்டிப் போனேன், அதனால் எழுபது கிலோ கூடுதல். காரிமங்கலம் தாண்டியதும் "இப்போது எவ்வளவு வேகம்?" என்று கேட்டார். தொண்ணூறு என்றேன். "எண்பது மாதிரிதான் இருக்கிறது" என்றார். திரும்பும்போது கேட்கவே இல்லை, தூங்கிவிட்டார்.

காற்று இந்த முறை வீட்டில், குளிர்ந்த டயரில் பிடித்தது. பின்டயர் இரண்டிலும் மூன்று பி.எஸ்.ஐ. குறைவாகத்தான் இருந்தது, மெக்கானிக் அண்ணா.